நாற்பத்தொன்றின் இடது காது

கடல் வற்றும் நேரத்தில் பாறை போலத் தெரியும்.
பாறை இல்லை.
சுண்டுவிரல் நீளப் புழு ஒன்று
மணலை ஒவ்வொன்றாகப் பொறுக்கி
எச்சிலால் ஒட்டிக் கட்டிய கூடு.
கூட்டோடு கூடு, அதன்மேல் கூடு.
உப்புத் தண்ணீருக்குள் ஒட்டுவது
ரத்தத்துக்குள்ளும் ஒட்டக்கூடும் என்று
டாக்டர் எனோரா கெர்வெல்லா
பதினொரு வருடமாக நம்புகிறார்.
ரப்பர் பூட்ஸில் சேற்றோடுதான்
ஆய்வகத்துக்கு வருவார்.
துடைப்பது நான்.

துடைப்பதோடு இன்னொரு வேலையும் உண்டு:
இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை
ஆடுகளின் முகத்தைப் பார்ப்பது.
பின்னங்கால் எலும்பை அறுத்து
பசை வைத்தவை ஆறு, திருகாணி வைத்தவை ஆறு.
எது எதுவென்று எனக்குச் சொல்லமாட்டார்கள்.
கண் இடுங்கினால் ஒன்று.
மூக்கு இறுகினால் ஒன்று.
காது முழுக்கச் சாய்ந்தால் இரண்டு.
இதுதான் வலிக்கு எங்களிடம் உள்ள தராசு.

ஆடு வலியை மறைக்கும்.
நொண்டுவது தெரிந்தால் ஓநாய் வரும்.
ரொஸ்கோஃப் பக்கம் கடைசி ஓநாயைச் சுட்டு
எத்தனையோ தலைமுறை ஆயிற்று,
ஆடுகளிடம் யாரும் சொல்லவில்லை.

நாற்பத்தொன்று எல்லாவற்றையும்விடக் கெட்டிக்காரி.
நான் வாசலில் நின்றால்
வைக்கோலை மென்றபடி
இரண்டு காதையும் நிமிர்த்தி வைத்திருப்பாள்.
சுழி, சுழி, சுழி என்று எழுதினேன் நான்கு நாள்.
ஐந்தாம் நாள் விளக்கணைத்துவிட்டுப் போய்
காமிராவில் பார்த்தேன்.
என் காலடி ஓசை அடங்கும்வரை காத்திருந்து
கொடியில் நனைந்த சட்டைக் கை தொங்குவதுபோல
இடது காதை மட்டும்
மெல்ல
இறக்கினாள்.

முந்தைய நான்கு நாளையும் அடிக்கவா என்று கேட்டேன்.
அடிக்காதே, பக்கத்தில் எழுது என்றார் டாக்டர்.

பன்னிரண்டாம் வாரம் எலும்பு கூடியிருந்தது.
கூடியதை எப்படி நிரூபிப்பது?
மறுபடி உடைத்துத்தான்.
இரண்டு இரும்புத் தாடைகள், நடுவில் அவளுடைய எலும்பு,
திரையில் ஏறிக்கொண்டே போகும் ஒரு கோடு.
படக்கென்று முறிந்தது.
ஒட்டிய இடத்தில் இல்லை,
ஒட்டிய இடத்துக்கு அரை அங்குலம் தள்ளி,
யாரும் தொடாத எலும்பில்.
எல்லாரும் கைதட்டினார்கள்.
நானும் தட்டினேன் என்றுதான் நினைக்கிறேன்.

மூன்று வருடம் கழித்து மனிதர்கள் வந்தார்கள்.
கூல்வென் தாங்கி, கூரைக்கு ஸ்லேட் பதிப்பவர்,
தேவாலயத்தின் வடக்குச் சரிவிலிருந்து விழுந்தவர்.
கணுக்காலுக்கு மேலே மூன்று துண்டு.
இப்போது என் வேலை படிவம் நீட்டுவது:
சுழியிலிருந்து பத்துக்குள் வலி எவ்வளவு?
மூன்று.
அடுத்த மாதமும் மூன்று. அதற்கடுத்தும் மூன்று,
கூடவே எனக்கொரு ஜோக்.
அவருடைய மேலுதட்டைப் பார்த்தேன்.
இறுகியிருந்தது.
ஆட்டுக்கென்றால் எழுதியிருப்பேன்.
மனிதனுக்கு அவன் சொல்வதுதான் கணக்கு,
முகத்துக்குக் கட்டம் கிடையாது.

பிப்ரவரியில், ஜன்னலில் மழை ஓடிய ஒரு காலை,
படிவத்தை அவர் முன்னால் வைத்துவிட்டு
நாற்காலியைத் திருப்பி
சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன்.
ஏதோ கோப்பு தேடுகிறவனைப் போல.
முதலில் ஒன்றுமில்லை.
பிறகு நீளமாக ஒரு மூச்சு,
ஊன்றுகோல் மேசையில் சாயும் சத்தம்,
பேனா.

அவர் போனபின் எடுத்துப் பார்த்தேன்.
மூன்றின்மேல் ஒரு கோடு. பக்கத்தில் ஏழு.
ஓரத்தில், கேட்காத இடத்தில்:
ஏணி நினைவு வந்தால் ஒன்பது.

அந்த ஏழு பசையுடையதா திருகாணியுடையதா
தெரியாது. உறை இன்னும் பிரிக்கவில்லை.
டாக்டர் படிவத்தை இருமுறை படித்தார்.
நாற்காலியை எந்தப் பக்கம் திருப்பினாய் என்று கேட்டார்.
காட்டினேன்.
எல்லாருக்கும் அப்படியே வை என்று சொல்லிவிட்டு
பூட்ஸை மாட்டினார்.
கடல் வற்ற இன்னும் இருபது நிமிடம் இருந்தது.